"சரி அண்ணா" என்று சொன்னால் சரியாகிவிட்டதா?

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு மாணவன். எங்கள் பள்ளியில் இந்த முறை வகுப்புகளைக் கலந்து குழு பிரித்திருக்கிறார்கள். பள்ளியில் எவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். குழுவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். நான்தான் தலைவர். ஆறு வாரத்தில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. சின்னவர்கள் எதைச் சொன்னாலும் "சரி அண்ணா" என்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் செய்திருப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் நான் சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. மதிப்பெண் எல்லாருக்கும் ஒன்றுதான். பேசாமல் நானே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடட்டுமா அம்மா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உன்னால் முடியும். இரண்டு ராத்திரி கண் விழித்தால் எழுதி முடித்துவிடுவாய், நன்றாகவும் எழுதுவாய். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீ தோற்றுப் போவாய் என்பதற்காக அல்ல. பெரியவர்கள் எப்படியும் முடித்துவிடுவார்கள், நாம் பக்கத்தில் நின்றால் போதும் என்று அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அதுதான் எனக்குக் கவலை.

நான் ஆசிரியையாக இருந்தபோது செய்த ஒரு தவறை உன்னிடம் சொல்கிறேன். இப்படித்தான் ஒரு கலப்புக் குழு. அதில் சின்னஞ்சிறு பெண் ஒருத்தி. சார்ட்டுக்கு பார்டர் வரைந்து கலர் அடிக்கும் வேலையை அவளுக்குக் கொடுக்கலாம் என்று பெரிய பிள்ளைகள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். மூன்று வாரம் அவள் ஒரு கோடுகூட வெளியே போகாமல் அடித்தாள். கண்காட்சி அன்று பார்வையாளர் ஒருவர் குனிந்து, "இது எதைப் பற்றிய ப்ராஜெக்ட் பாப்பா?" என்று கேட்டார். அவள் சார்ட்டைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் நீல மை ஒட்டியிருந்தது. "நான் கலர் அடிச்சேன்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த நீல நகம் என் கண்ணில் நிற்கிறது.

அதனால், வயதைப் பார்த்து வேலையைப் பிரிக்காதே. பெரியவர்களுக்கு யோசிக்கிற வேலை, சின்னவர்களுக்கு எடுபிடி வேலை என்று பிரித்தால் சின்னவர்கள் எடுபிடிகளாகத்தான் இருப்பார்கள். எந்தப் பங்கு இல்லாவிட்டால் மொத்தமும் நின்றுபோகுமோ, அந்தப் பங்கை அவர்களிடம் கொடு. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில் வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார ஆரம்பித்தபோது ஓயாத சச்சரவு. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டை மட்டும் கொடுத்தார்கள். மற்ற துண்டுகள் வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். ஜிக்சா முறை என்று அதற்குப் பெயர். ஒரு துண்டு குறைந்தாலும் படம் முழுமையாகாது இல்லையா, அதுதான்.

உன் ப்ராஜெக்டுக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். சொட்டும் குழாய்களைக் கண்டுபிடித்து அளக்கும் வேலை முழுவதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுடையது. ஒரு காலி பாட்டில், ஒரு கடிகாரம், ஆய்வகத்தில் இருக்கும் அளவு உருளை, இவை போதும். குழாய்க்கு அடியில் பாட்டிலைப் பத்து நிமிடம் வைத்து, சேர்ந்த தண்ணீரை அளக்க வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாயில் பத்து நிமிடத்தில் சுமார் 30 மில்லி சேரும். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி. ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள். அந்தப் பெருக்கலை எட்டாம் வகுப்பு மாணவி செய்வாள்: 4,320 மில்லி, அதாவது நாலேகால் லிட்டருக்கு மேல், ஒரே குழாயிலிருந்து! பத்து நிமிடத்தில் எத்தனை மில்லி சேர்ந்தது என்ற எண் பிள்ளைகள் கையிலிருந்து வர வேண்டும். அது வராமல் அவளால் கணக்குப் போட முடியாது, உன்னால் ஒரு வரி எழுத முடியாது. இது அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். ஒளிக்காமல் சொல்லிவிடு.

இனி அந்த "சரி அண்ணா"வுக்கு வருகிறேன். உன் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறாய் தம்பி. அது பெரும்பாலும் மரியாதை, பாதி பயம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு அண்ணன் கிட்டத்தட்ட ஆசிரியர் மாதிரி. "புரியலை அண்ணா" என்று சொல்ல அவ்வளவு தைரியம் வேண்டும். "நீங்க சொன்னது தப்பு அண்ணா" என்பதற்கு அதைவிட நாலு மடங்கு வேண்டும். அதனால் "புரிந்ததா?" என்று கேட்காதே. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். "நாளைக்கு முதலில் எந்தக் குழாய்க்குப் போவீங்க? பாட்டிலை எப்படி வைப்பீங்க?" என்று கேள். பதில் தடுமாறினால் எங்கே புரியவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், முதல் அளவை மட்டும் நீ கூடவே நின்று செய்துகாட்டு. வாயால் பத்து முறை சொல்வதைவிட அது மேல்.

கூடிப் பேசும்போது சின்னவர்களை முதலில் பேசவிடு, நீ கடைசியில் பேசு. பல நாட்டு ராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளையவர்தான் முதலில் தன் முடிவைச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் உண்டு. மேலதிகாரி முதலில் வாய் திறந்துவிட்டால் கீழே இருப்பவர் மாற்றிச் சொல்லத் தயங்குவார் என்பதுதான் காரணம். வளர்ந்த ராணுவ அதிகாரிகளுக்கே அப்படி என்றால் பதினோரு வயதுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

வாட்ஸ்அப் குழுவை நம்பி இருக்காதே. சின்னவர்கள் பலருக்குச் சொந்த போன் கிடையாது. நீ ராத்திரி அனுப்பும் செய்தி அம்மாவின் போனில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் போடு. அன்றன்று யார் என்ன செய்தார்கள் என்று அவரவர் கையெழுத்தில் ஒரு வரி. எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே. மதிப்பெண் எல்லாருக்கும் ஒன்று என்ற உன் வருத்தம் நியாயமானது. பங்களிப்பையும் பார்க்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்கும்போது அந்த நோட்டு பேசும்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் விஷயம் வேறு. உனக்கும் அவனுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். உன்னை ஏன் தலைவராக ஏற்க வேண்டும் என்ற கேள்வி அவன் மனதில் இருக்கலாம், அது தப்பில்லை. எல்லார் முன்னாலும் அவனிடம் வேலை வாங்கப் பார்க்காதே. தனியாகக் கூப்பிட்டு, "இதில் உனக்கு எந்தப் பகுதி பிடிக்கும்?" என்று கேள். குழாய் ஏன் சொட்டுகிறது, உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறதா, பழுது பார்ப்பவரிடம் பேசி எத்தனை குழாயைச் சரிசெய்ய முடியும் என்று கண்டுபிடிப்பது ஒரு முழு வேலை. அதை முழுசாக அவனிடம் விட்டுவிடு. தினமும் போய்ச் சோதிக்காதே. வாரத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும். நாலாவது வாரம் முடியும்போதும் அவன் கைகட்டி நின்றால், ஆசிரியரிடம் போய்ச் சொல். அது போட்டுக்கொடுப்பது ஆகாது. கடைசி நாளில் சொன்னால்தான் அது புகார். இரண்டு வாரம் இருக்கும்போது சொன்னால் அவனுக்கும் அதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

உனக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பாய். மரியா மான்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகத்தான் இருந்தார்கள். சின்னது பெரியதைப் பார்த்துக் கற்கும், பெரியது சின்னதுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது தான் கற்றதை உறுதிப்படுத்திக்கொள்ளும் என்பது அவர் கண்டது. 144 எங்கிருந்து வந்தது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி ஒருமுறை சொல்லிப் பார், உனக்கே தெரியும்.

நாளை இடைவேளையில் அந்த இரண்டு பேரையும் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போ. பாட்டிலை அவர்கள் பிடிக்கட்டும், நேரத்தை நீ பார். எத்தனை மில்லி சேர்ந்தது என்று எனக்கும் எழுதுங்கள். அந்த எண்ணை மட்டும் அவர்கள் கையெழுத்தில் எழுதி அனுப்பச் சொல்.