பட்டாளத்தை விட்டு வந்தாச்சு, அடுத்து என்ன வேலை? கேள்வி பதில்

நான் ராணுவத்தின் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் 28 வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். அப்புறம் ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராகச் சேர்ந்து, இப்போது அங்கேயே மேலாளராக இருக்கிறேன். சொந்த ஊர் வேலூர் மாவட்டம். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள். லீவுக்கு வருகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பதும், நீங்கள் இங்கே கேட்டிருப்பதும் பெரும்பாலும் ஒன்றேதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (ஹவில்தார், திருவண்ணாமலை): ஜெய்ஹிந்த் சாப். 24 வருட சர்வீஸ் முடித்து அடுத்த மாதம் வெளியே வருகிறேன். டெக்னிக்கல் டிரேடுக்காரர்களுக்கு (தொழில்நுட்ப வேலைப் பிரிவில் இருந்தவர்களுக்கு) பிரச்சினை இல்லை. நான் இன்ஃபன்ட்ரி (காலாட்படை), கடைசி 3 வருடம் சி.கியூ.எம்.எச். (கம்பெனி என்கிற படைப்பிரிவின் பொருள் கணக்கைப் பார்க்கும் ஹவில்தார்). துப்பாக்கியைத் தவிர எனக்கு என்ன தெரியும்? பயோடேட்டாவில் என்ன எழுதுவது?

பதில்: ஜெய்ஹிந்த். 24 வருடத்தில் எத்தனை நாள் சுட்டிருப்பீர்கள்? மீதி நாளெல்லாம் என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நீங்கள் சி.கியூ.எம்.எச். ஆக இருந்தவர். நூறு பேருக்கு மேல் இருக்கிற கம்பெனிக்கு ரேஷன், துணிமணி, கூடாரம் எல்லாவற்றுக்கும் இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டு வாங்கியிருக்கிறீர்கள். லெட்ஜரில் ஏற்றி, சரிபார்க்க ஆள் வந்தபோது ஒரு போர்வை குறையாமல் கணக்குக் காட்டியிருக்கிறீர்கள். அதே வேலைக்கு ஒரகடத்திலும் ஓசூரிலும் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ், வேர்ஹவுஸ் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"சி.கியூ.எம்.எச்., இன்ஃபன்ட்ரி" என்று மட்டும் எழுதினால் எச்.ஆர். பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, அது அவர்கள் தப்பும் இல்லை. எத்தனை பேருக்கு, எத்தனை வகைப் பொருள், எத்தனை வருடம், கணக்குச் சரிபார்ப்பில் என்ன பங்கு என்று எண்ணோடு எழுதுங்கள். எம்.டி.யில் (வாகனப் பிரிவில்) வண்டிகளைக் கவனித்தவர் வாகன எண்ணிக்கையையும் பராமரிப்பையும் எழுதட்டும். குக் ஹவுஸ் பார்த்தவர் தினம் எத்தனை பேருக்குச் சமையல் நடந்தது என்று எழுதட்டும், தொழிற்சாலை கேன்டீன்களுக்கு அந்த ஆள் வேண்டும். யூனிட் எங்கே இருந்தது, என்ன ஆயுதம், என்ன ஆபரேஷன் என்பதெல்லாம் பயோடேட்டாவில் வரவே கூடாது.

ஒரு மாதம் ஒதுக்கி எக்செல் கற்றுக்கொள்ளுங்கள். கிடங்கில் கம்ப்யூட்டரைப் பார்த்து முதல் நாள் எனக்கும் கை நடுங்கியது. பழகிய பிறகு பார்த்தால் நம் லெட்ஜர்தான், திரையில் இருக்கிறது.

கேள்வி (நாயக், குடியாத்தம்): 17 வருடம் முடிந்தது, வயது 37. பத்தாவதுதான் படிப்பு. அரசு வேலைக்கு வயது தாண்டிவிட்டதே?

பதில்: தாண்டவில்லை. மத்திய அரசின் குரூப் சி (எழுத்தர் போன்ற) பணிகளுக்கு உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் வருடத்தைக் கழித்து, இன்னும் 3 வருடம் கழிப்பார்கள். 37-ல் 17 போய், 3 போனால் 17. வயது வரம்புக்கு நீங்கள் 17 வயதுக்காரர். குரூப் சி-யில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீதம், பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் 14.5 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. அந்த 14.5-ல் 4.5, ஊனமுற்ற படைவீரர்களுக்கும் போரில் உயிரிழந்தவர்களின் குடும்பத்தினருக்கும் உரியது.

படிப்பு விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்தாவது தேறி 15 வருடம் சர்வீஸ் முடித்தவரை, பட்டப்படிப்பு கேட்கும் குரூப் சி பணிகளுக்கும் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம். தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமான பணிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. இதற்கான சான்றிதழை வெளியே வருவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ரெக்கார்ட் ஆபீஸுக்கு (சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ அலுவலகம்) கடிதம் எழுதிக் காத்திருந்து தேர்வைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். டிஸ்சார்ஜ் புக்கில் பெயர், பிறந்த தேதி, டிரேட் மூன்றும் பள்ளிச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். ஊருக்கு வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் வேலைவாய்ப்புக்கும் பதிந்துவிடுங்கள்.

கேள்வி (முன்னாள் ஹவில்தார், தேனி): மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. இதைவிட நல்ல வேலைகளுக்கும் எழுதிக் காத்திருக்கிறேன். இதில் சேர்ந்தால் ஒதுக்கீடு போய்விடும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஒதுக்கீட்டில் மத்திய அரசின் சிவில் பணியில் சேர்ந்துவிட்டால், அதற்கப்புறம் போடும் விண்ணப்பங்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் சேருவதற்கு முன்பே விண்ணப்பித்தவற்றுக்குக் கிடைக்கும். 2014-ல் வந்த உத்தரவு இது. நிபந்தனை ஒன்று உண்டு. சேர்ந்த உடனே, எந்தெந்தத் தேர்வுக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்ற முழு விவரத்தையும் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். தனியார் வேலையோ ஒப்பந்த வேலையோ பார்ப்பதால் ஒதுக்கீடு போகாது.

கேள்வி (முன்னாள் நாயக், சேலம்): எங்கே போனாலும் செக்யூரிட்டி வேலைதான் தருகிறேன் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: அந்த வேலையில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் 'எக்ஸ்-ஆர்மியா, அப்போ கேட்டில் நில்லுங்கள்' என்று உங்களை அங்கேயே நிறுத்திவிட இடம் கொடுக்காதீர்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005-ம் ஆண்டுச் சட்டம் முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை தருகிறது. மத்திய மாதிரி விதிகளில் மற்றவர்களுக்கு 160 மணி நேரப் பயிற்சி, நமக்கு 56 மணி நேரம் போதும். ஆக, உங்களுக்கு மதிப்பு இருக்கிறது, அதை வைத்துப் பேசுங்கள். எட்டு மணி நேரமா பன்னிரண்டா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, சூப்பர்வைசர் ஆக எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986 முதல் நம் ஆட்களுக்காகவே இருக்கிறது, அங்கேயும் பதியுங்கள்.

கேள்வி (படைவீரரின் மனைவி, காட்பாடி): ஐயா, என் வீட்டுக்காரர் ஒன்றரை வருடத்தில் மூன்று வேலையை விட்டுவிட்டார். "26 வயசுப் பையன் எனக்கு ஆர்டர் போடுறான், ஒருத்தனும் டைமுக்கு வர்றதில்ல" என்று தினமும் கோபம். பிள்ளைகளிடமும் எரிந்து விழுகிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் மனைவி ஞாபகம்தான் வந்தது. நான் சேர்ந்த முதல் இடத்தில், இரண்டாவது வாரம், லாரி தாமதமானதற்கு ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பரேடு மைதானக் குரலில் திட்டிவிட்டேன். மறுநாள் காலை பதினோரு பேர் வேலைக்கு வரவில்லை. பட்டாளத்தில் திட்டினாலும் சாயங்காலம் ஒரே லங்கரில் (பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து சாப்பிடுவோம், மனசில் நிற்காது. இங்கே திட்டு வாங்கியவன் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். நான் திட்டியவர்களில் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கேட்டபோது அவன் சொன்னான்: "சார், லாரி லேட்டானது டிரைவரோட அம்மா ஆஸ்பத்திரியில இருந்ததால." நான் விசாரிக்கவே இல்லை.

உங்கள் கணவருக்கு வேலை தெரியாமல் இல்லை. இருபது வருடம் கூடவே இருந்த ரேங்க், கூட்டாளிகள், காலை ரோல்கால் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. அந்த இழப்பைச் சொல்லத் தெரியாமல் கோபப்படுகிறார். அடுத்த வேலையில் சேரும் முன், ஏற்கனவே ஓய்வு பெற்று வேலையில் நிலைத்த ஒருவரிடம் அவரை ஒரு மணி நேரம் பேச வையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்காததை இன்னொரு பட்டாளத்துக்காரன் சொன்னால் கேட்பார். ராத்திரி தூக்கம் இல்லை, திடுக்கிட்டு எழுகிறார் என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை இருந்தால் பாலிகிளினிக்கில் கேட்டால் அனுப்பி வைப்பார்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

கேள்வி (நாயிப் சுபேதார், கோவை): இன்டர்வியூவில் எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். கொடுப்பதைக் கொடுங்கள் சார் என்றேன்.

பதில்: நானும் அதைத்தான் சொன்னேன், இரண்டு வருடம் குறைந்த சம்பளத்தில் இருந்தேன். நமக்குச் சம்பளம் பேசிப் பழக்கமே இல்லை. அதே வேலையில் இருக்கும் மூன்று பேரிடம் விசாரித்து, ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். "பென்ஷன் வருதே, உங்களுக்கு எதற்கு" என்பார்கள். பென்ஷன் பார்த்த வேலைக்கு, சம்பளம் பார்க்கப்போகும் வேலைக்கு என்று நேராகவே சொல்லலாம்.

கேள்வி (அக்கா, ஆரணி): தம்பி 2023 தொடக்கத்தில் அக்னிவீரராகச் சேர்ந்தான். நாலு வருடம் முடிந்து வந்தால் என்ன செய்வான் என்று இப்போதே பயமாக இருக்கிறது சார்.

பதில்: 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள், மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. சேவா நிதியாகச் சுமார் 11.7 லட்சம் கைக்கு வரும். அதை வண்டிக்கும் வீட்டுக்கும் போட்டுவிடாமல் பாருங்கள். அக்னிவீரர்களுக்கென இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது, பட்டத்துக்குத் தேவையான கிரெடிட் புள்ளிகளில் பாதி சர்வீஸில் பெறும் பயிற்சிக்கே கிடைக்கும். சேரவில்லை என்றால் இப்போதே சேரச் சொல்லுங்கள். அவன் செய்த கோர்ஸ், ஓட்டிய வண்டி, கையாண்ட கருவி எல்லாவற்றுக்கும் சான்றிதழ் நகல் வீட்டில் ஒரு ஃபைலில் இருக்கட்டும். அடுத்த லீவில் வரும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலூர் பக்கம்தானே, உட்கார்ந்து அவன் பயோடேட்டாவை நானே எழுதித் தருகிறேன்.