செவே பாயெஸ்தேரோஸ் வென்றது 5 மேஜர்தானே, ஏன் இத்தனை பேச்சு?

கேள்வி: கோல்ஃபில் மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் (மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன், பிஜிஏ சாம்பியன்ஷிப்) ஜாக் நிக்லஸ் 18 வென்றார், டைகர் உட்ஸ் 15. ஸ்பெயினின் செவே வென்றது 5 மட்டுமே. பிறகு ஏன் அவரை அந்த வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள்?

பதில்:

எண்ணிக்கை மட்டும் என்றால் உங்கள் கேள்வி நியாயமானது. அவர் காலத்து நிக் ஃபால்டோவே 6 வென்றார். ஆனால் கோப்பைப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, பந்து எங்கே போய் விழுந்தது, அங்கிருந்து அதை எப்படி மீட்டார் என்று பார்த்தால் பேச்சுக்குக் காரணம் புரியும். (பெயரில் வரும் இரட்டை 'எல்'லை ஸ்பானியர்கள் 'ய' போல ஒலிப்பார்கள். 'பாலஸ்டெரோஸ்' என்று எழுதுவது ஆங்கில வழி வந்த பழக்கம்.)

வடக்கு ஸ்பெயினின் கான்டாப்ரியா பகுதியில், சான்டான்டர் நகருக்கு எதிர்க்கரையில் இருக்கிறது பெத்ரேனியா என்ற சிற்றூர். 1957 ஏப்ரல் 9 அன்று அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டை ஒட்டியே கோல்ஃப் மைதானம். தாய்மாமன் ரமோன் சோத்தா 1965 மாஸ்டர்ஸில் 6-ஆம் இடம் பிடித்தவர். அண்ணன்மார் மூவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். இருந்தும், ஆட்டக்காரர்களுக்கு உதவும் கேடி (caddie) பையன்கள் மட்டைப் பை தூக்கலாமே தவிர மைதானத்தில் ஆடக் கூடாது. அதனால் அண்ணன் மானுவேல் கொடுத்த ஒரே ஒரு 3-அயர்ன் மட்டையுடன் சிறுவன் கடற்கரைக்குப் போனான். இருட்டிய பிறகு மைதானத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து ஆடுவதும் உண்டு.

அந்த ஒற்றை மட்டைதான் எல்லாவற்றுக்கும் வேர். மணலிலிருந்து பந்தைக் கிளப்பும் சாண்ட் வெட்ஜின் முகம் சுமார் 56 டிகிரி சாய்ந்திருக்கும். 3-அயர்னில் அது 20 டிகிரியை ஒட்டித்தான். நீளமாக, தாழ்வாக அடிக்கச் செய்யப்பட்ட மட்டை அது. அதை வைத்துப் பந்தை உயரத் தூக்க வேண்டுமென்றால் முகத்தை வானம் பார்க்கத் திறக்க வேண்டும். கைகளைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். பந்தை முன்காலை ஒட்டி வைக்க வேண்டும். மணிக்கட்டைச் சீக்கிரமே மடக்கி, அடிக்கும்போது வேகத்தைக் குறைக்காமல் மட்டையை மணலுக்கு அடியில் வழுக்கவிட வேண்டும். கை பந்தை முந்திக்கொண்டு போனால் மட்டையின் முன்விளிம்பு மண்ணில் குத்தி நிற்கும், பந்து அசையாது. பயந்துபோய்ப் பந்தை அள்ளப் பார்த்தால் விளிம்பு அதன் நடுவயிற்றில் பட்டு, குறி தாண்டி எங்கோ பறக்கும். இந்த இரண்டு தப்பையும் ஆயிரக்கணக்கான முறை செய்து, திருத்தி, வளர்ந்த கை அது. பின்னாளில் 14 மட்டைகளும் கிடைத்தபோது மற்றவர்களுக்குத் தெரியாத இடைப்பட்ட அடிகளெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன.

17 வயது முடியுமுன்பே, 1974-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1976-இல் ராயல் பர்க்டேல் பிரிட்டிஷ் ஓப்பனில், 19 வயதில், மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது அவர்தான் முன்னிலை. கடைசி நாளில் ஜானி மில்லர் தாண்டிப் போய்விட்டார். ஆனால் 18-ஆவது குழியில் செவே இரண்டு பங்கர்களுக்கு (மணல் பள்ளங்களுக்கு) நடுவே இருந்த ஒடுங்கிய தரையில் பந்தை உருட்டிவிட்டது இன்றும் பேசப்படுகிறது. யாராக இருந்தாலும் வெட்ஜை எடுத்துத் தூக்கி அடித்திருப்பார்கள். அந்த உருட்டல்தான் நிக்லஸுடன் 2-ஆம் இடத்தைப் பகிரவைத்தது.

1979 ஓப்பன், ராயல் லித்தம். கடைசி நாள் 16-ஆவது குழியில் தூரமாக அடிக்க உதவும் டிரைவர் மட்டையால் அடித்த பந்து வலப்பக்கம் தற்காலிகக் கார் நிறுத்துமிடத்தில் போய் விழுந்தது. விதிப்படி அபராதமின்றிப் பந்தை இறக்கிவைத்து, அங்கிருந்து கிரீனுக்கு (குழியைச் சுற்றிய குட்டைப் புல்தரைக்கு) அடித்து, பர்டி எடுத்தார், அதாவது குழிக்குக் குறித்த எண்ணிக்கையைவிட ஓர் அடி குறைவு. 3 அடி (ஸ்ட்ரோக்) வித்தியாசத்தில் கோப்பை. 'கார் பார்க் சாம்பியன்' என்ற கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1988-இல் அதே லித்தமில், மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன கடைசிச் சுற்றை 65 அடிகளில் முடித்து நிக் பிரைஸை வென்றார். அப்போது அதே 16-ஆவது குழியில் 9-அயர்னால் அடித்த பந்து குழியிலிருந்து சில அங்குலத்தில் நின்றது. கேலி செய்தவர்களுக்கு அதைவிடப் பதில் வேண்டியதில்லை.

நடுவில் 1980, 1983 மாஸ்டர்ஸ், 1984 செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓப்பன். மாஸ்டர்ஸ் வென்ற முதல் ஐரோப்பியர் அவர். 1980-இல் கடைசி நாளின் பாதியில் 10 அடி முன்னிலை வைத்திருந்தவர், 12, 13-ஆவது குழிகளில் அடுத்தடுத்துத் தண்ணீரில் அடித்து அதை 3 வரை கரையவிட்டார். பிறகு சுதாரித்து 4 அடியில் வென்றார்.

குறையையும் சொல்ல வேண்டும். டிரைவர் அவருக்கு என்றும் முழு நம்பிக்கை தரவில்லை. யுஎஸ் ஓப்பன் மைதானங்களில் ஃபேர்வே (புல் வெட்டிய நடுப்பாதை) ஒடுக்கமாகவும், ஓரப்புல் கணுக்கால் அளவு அடர்ந்தும் இருக்கும். புல் மட்டைமுகத்துக்கும் பந்துக்கும் இடையில் சிக்கினால் சுழற்சி கிடைக்காது. எந்தக் கைவித்தையும் அங்கே பாதிதான் பலிக்கும். அவர் யுஎஸ் ஓப்பனும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் வெல்லாததற்கு முதற்காரணம் இதுதான் என்பேன். 1986 மாஸ்டர்ஸ் வேறு கதை: முன்னிலையில் இருந்தபோது 15-ஆவது குழியில் 4-அயர்னால் அடித்த பந்தை இடப்பக்கம் இழுத்துக் குளத்தில் விட்டார், 46 வயது நிக்லஸ் கோப்பையைக் கொண்டுபோனார். அதற்கு முந்தைய மாதம்தான் செவேயின் தந்தை இறந்திருந்தார்.

அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ரைடர் கோப்பைக்கு வருவோம். இங்குதான் மேஜர் கணக்கு உதவவே உதவாது. 1979-க்கு முன்பு அமெரிக்காவை எதிர்த்தது பிரிட்டனும் அயர்லாந்தும் மட்டுமே, பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தன. ஐரோப்பா முழுவதையும் சேர்த்த அந்த முதல் அணியில் செவே இருந்தார். 1983-இல் அமெரிக்கர் ஃபசி சோலருக்கு எதிராக 18-ஆவது குழியில், ஃபேர்வே பங்கரிலிருந்து 3-வுட் மட்டையால் கிரீன் ஓரம்வரை அடித்தார். மணல் துளியும் இடையில் வராமல் பந்தைச் சுத்தமாகத் தொட வேண்டும், எதிரே இருக்கும் பங்கர் உதட்டையும் தாண்ட வேண்டும். 15 டிகிரி முகத்தில் இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். ஆட்டம் சமநிலை. 1985-இல் பெல்ஃப்ரியில் ஐரோப்பா வென்றது, 1957-க்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி. 1987-இல் முதன்முறையாக அமெரிக்க மண்ணிலேயே வென்றது. சக ஸ்பானியர் ஓலசாபாலுடன் ஜோடியாக ஆடிய 15 ஆட்டங்களில் 11 வெற்றி, 2 சமன், 2 தோல்வி. 1997-இல் வால்தெர்ராமாவில் அணித்தலைவராகவும் வென்றார்.

முதுகுவலி 90-களில் ஆட்டத்தைத் தின்றது. கடைசி வெற்றி 1995 ஸ்பானிஷ் ஓப்பன். ஐரோப்பிய டூர் என்ற தொழில்முறைப் போட்டித்தொடரில் மொத்தம் 50 வெற்றி. 2007-இல் ஓய்வு. 2008-இல் மூளைக் கட்டி கண்டறியப்பட்டு, 2011 மே 7 அன்று பெத்ரேனியாவிலேயே காலமானார்.

காணொளி தேடுவதாக இருந்தால், 1993-இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸில் 18-ஆவது குழியில் ஆடியதைத் தேடுங்கள். பந்துக்குச் சில அடி முன்னால் உயரமான மதில், மேலே மரக்கிளைகள். பக்கவாட்டில் தட்டிவிடச் சொல்லிக் கெஞ்சினார் கேடி பில்லி ஃபாஸ்டர். செவே மண்டியிட்டுக் கிளைகளுக்கிடையே இடைவெளி தேடினார்; வெட்ஜை எடுத்து மதிலுக்கு மேலே, கிளைகளுக்கு நடுவே கிரீனருகே அனுப்பினார்; அடுத்த அடியில் பந்து நேராகக் குழிக்குள் போனது. அந்தப் போட்டியில் ஒரே அடியில் தோற்று 2-ஆம் இடம்தான் வந்தார். அன்று வென்றது யார் என்று கோல்ஃப் ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் யோசிப்பார்கள். பேரி லேன்.