குலவை வந்ததும் பதிவு கிழிகிறதே?

கேள்வி: பூம்பாறையில் எங்கள் பெரியம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பூண்டு உரித்துக்கொண்டே பாடுவதைச் சின்ன ரெக்கார்டரில் பதிகிறேன். பாட்டு நன்றாக விழுகிறது. குலவை போட்டதும் ‘கர்ர்’ரென்று கிழிகிறது. வத்தலக்குண்டில் ஒருவர் 8,000 ரூபாய்க்குச் சரிசெய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, குலவை வரும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சி வளைந்தோ கூராகவோ இருந்தால் பிழைத்தீர்கள். அந்தத் துண்டை மட்டும் 8, 10 டெசிபல் இறக்கினால் போதும். உச்சி அரிவாளால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால், ரெக்கார்டர் பிடிக்கக்கூடிய உச்ச வரம்பான 0 டெசிபலுக்கு மேல் வந்தது எதுவும் பதிவாகவில்லை என்று அர்த்தம். இல்லாததை யார் மீட்பது? சின்ன வெட்டுகளை ஆடாசிட்டியிலேயே இருக்கும் ‘கிளிப் ஃபிக்ஸ்’ என்ற வசதி ஓரளவு பூசி மறைக்கும். 8,000 கேட்பவரும் பெரும்பாலும் அந்த மாதிரி ஒரு பொத்தானைத்தான் அழுத்தப்போகிறார்.

‘நார்மலைஸ்’ செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. அது மொத்தத்தையும் சேர்த்து ஏற்றும், இறக்கும். பாட்டுக்கும் குலவைக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே நிற்கும்.

அடுத்த முறை பாட்டைக் கேட்டு லெவல் (ரெக்கார்டர் ஒலியை வாங்கும் அளவு) வைக்காதீர்கள். தொடங்கும் முன் ஒருமுறை குலவை போடச் சொல்லி, அது மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள். பாட்டு மெலிதாகத் தெரியும், பயப்படவேண்டாம். ரெக்கார்டரில் 24 பிட் என்ற நுணுக்கமான பதிவுத் தரத்தை வைத்துப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். அளவைத் தானே ஏற்றி இறக்கும் ‘ஆட்டோ லெவல்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். குலவைக்கு அது சட்டென்று குறைத்துவிட்டு மெதுவாகத்தான் மீளும். பாட்டின் அடுத்த அடி முழுகிப்போகும், அப்புறம் தகரக் கூரையில் மழை பெய்வது மட்டும் எழும்பி வரும். இதையெல்லாம் விற்கிற கடையில் சொல்வதில்லை. கையேட்டில் ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் இருக்கும், தமிழைத் தேடாதீர்கள்.

‘32 பிட் ஃப்ளோட் வகை ரெக்கார்டர் வாங்குங்கள், எந்தச் சத்தமும் கிழியாது’ என்று கடைக்காரர் இழுப்பார். பாதி உண்மை. லெவல் தப்பாக வைத்திருந்தால் அது காப்பாற்றும். ஆனால் மைக்கே திணறினால் காப்பாற்றாது. பெரியம்மா வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் இருந்து, மைக்குக்குள்ளேயே ஒலி நசுங்கிவிட்டால், பின்னால் எத்தனை பிட் இருந்தும் நசுங்கியதுதான் பதிவாகும். ஆகவே அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் குலவை போடுபவரை இரண்டடி தள்ளி உட்காரவையுங்கள். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். பாடுபவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எல்லாரும் தள்ளிப்போனால் பாட்டும் சேர்ந்துதான் இறங்கும்.

கடைசியாக, மெமரி கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் கொடுங்கள். நான் ஒருமுறை கொடுத்தேன். ‘சரிசெய்த’ எம்பி3 மட்டும் திரும்பி வந்தது, அசல் போயே போய்விட்டது.