வேறு விசேஷமில்லை

கேள்வி: அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. சின்ன வயதிலிருந்தே எனக்கு ரேடியோ பைத்தியம். சிற்றலையில் கிடைத்த வெளிநாட்டு நிலையங்களுக்கெல்லாம் கேட்ட விவரத்தை எழுதிப் போடுவேன். அவர்கள் அனுப்பிய அட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு தினமும் ராத்திரி நோட்டில் எழுதுகிறேன். அரசியல், உலக நடப்பு, கிரிக்கெட், பொது அறிவுத் தகவல், மனதில் தோன்றியது எல்லாம். பதினேழு நோட்டு ஆகிவிட்டது. சிலவற்றைக் குடும்ப வாட்ஸப் குழுவிலும் போடுவேன். இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி என்று போட்டதற்கு அக்கா மகன் 'தப்பு மாமா' என்று எல்லார் முன்னாலும் திருத்தினான். 2024 தேர்தல் நேரத்தில் நான் போட்ட ஒன்றால் என் மனைவியின் தம்பி குழுவை விட்டுப் போனான். வீட்டுக்கு வருவதையும் விட்டான். அருமனைப் பக்கம் ரப்பர் வெட்டுகிறவன், நல்ல பையன். 'யாரு இதை வாசிக்கப் போறா' என்கிறாள் மனைவி. பணம் கொடுத்தால் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். எழுதுவதை நிறுத்திவிடட்டுமா? மூன்று பக்கம் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நிறுத்த வேண்டாம். புத்தகம் வேண்டாம். மச்சினன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அவசரத்தில் இருக்கிற வாசகர்கள் இதோடு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். நீங்கள் பதினேழு நோட்டு எழுதியவர், மீதியையும் பொறுமையாக வாசிப்பீர்கள்.

முதலில் அந்தத் தென்கோடி. மச்சினனைவிட அதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று கடிதத்தின் வேகத்திலேயே தெரிகிறது. மருமகன் சொன்னது சரி. இந்தியாவின் தென்கோடி கிரேட் நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனை. கன்னியாகுமரி எட்டு பாகை சொச்சம் அட்சரேகையில் இருக்கிறது. அந்த முனை ஏழு பாகைக்கும் கீழே. தீவுகளை விட்டுவிட்டு நிலப்பரப்பை மட்டும் எடுத்தால் தென்கோடி நம்முடையது. உங்கள் வாக்கியத்தில் 'நிலப்பரப்பின்' என்று ஒரு சொல் விட்டுப்போனது, அவ்வளவுதான். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் மருமகனை அதோடு விட்டிருக்க மாட்டேன், மேலே தோண்டியிருப்பேன். 2004-ல் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் அந்த முனையின் தரையே சில மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள் போய்விட்டது. அதே அலை அன்றைக்குக் குளச்சலிலும் மணக்குடியிலும் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வினாடி வினாவுக்கு உரிய ஒரு கேள்வி, இரண்டு எட்டு நடந்ததும் நம் கடற்கரையில் வந்து நிற்கிறது பாருங்கள்.

வெட்கப்படவும் வேண்டாம். இதே பக்கத்தில் மாத்தூர் தொட்டிப்பாலத்தை 'ஆசியாவிலேயே பெரியது' என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். ஒரு அஞ்சலட்டை வந்தது. 'அம்மா, அளந்தது யார்?' ஒரே வரி, கையெழுத்துகூட இல்லை. எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தால், பள்ளிச் சுற்றுலாவில் கேட்டது. டீச்சர் சொன்னாரா, அங்கே வடை விற்றவர் சொன்னாரா என்பது நினைவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: 1966-ல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் 28 தூண்கள் தாங்கி நிற்கிறது, இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கடத்துகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அதற்கு ஆசியா எதற்கு? அன்றிலிருந்து 'முதல்', 'ஒரே', 'மிகப்பெரிய' என்று பேனா ஓடும்போதெல்லாம் அந்த அட்டை கண் முன்னால் வரும். சில 'முதல்'கள் விசாரித்தாலும் நிற்கும். தமிழக சட்டமன்றத்துக்குள் போன முதல் பாஜக உறுப்பினர், 1996-ல் பத்மநாபபுரத்தில் ஜெயித்த வேலாயுதன். பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்கிற தகவல் அது. அப்படிப்பட்டதைப் போடுங்கள்.

சரி, உங்கள் மூன்று பக்கங்களுக்கு வருகிறேன்.

முதல் பக்கம் அமெரிக்க வரி. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் ஆனது என்று ஒரு வரி, அதற்குப் பிறகு பக்கம் முடியும்வரை திட்டு. மறைக்காமல் சொல்கிறேன், அந்தச் செய்தியை அன்று பேப்பரில் நானும் வாசித்தேன். உங்கள் பக்கத்தில் புதிதாக இருந்தது கோபம் மட்டும். அண்ணாச்சி, நீங்கள் இத்தனை வருஷம் காலை வண்டியில் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகிற பெண்களுக்கு டிக்கெட் கிழித்தவர். அவர்களில் ஒருத்தியை வழியில் பார்த்து, 'இந்த மாசம் எத்தனை நாள் வேலை இருந்தது' என்று கேட்டு அந்தப் பதிலை எழுதியிருந்தால் எனக்கு மீதிப் பக்கம் தேவைப்பட்டிருக்காது. வேலை குறைந்தது என்று சொல்லியிருக்கலாம், எப்போதும்போலத்தான் என்றும் சொல்லியிருக்கலாம். எதுவானாலும் எந்தப் பேப்பரிலும் வராத பதில் அது.

இரண்டாம் பக்கம் கிரிக்கெட். கையெழுத்து அழகாக இருந்தது.

மூன்றாம் பக்கத்தை நாலு தடவை வாசித்தேன். உங்கள் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

'2-12-2017. கரண்ட் இல்லை. முற்றத்துப் பிலா சாய்ந்து கிடக்கிறது. வாழை ஒன்றும் மிஞ்சவில்லை. ரேடியோவுக்கு இருப்பது கடைசி இரண்டு பாட்டரி. செய்தியில் ஆர்.கே.நகர். என்னோடு ஓடிய டிரைவரின் தங்கை வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர், தகவல் இல்லை. வேறு விசேஷமில்லை.'

வேறு விசேஷமில்லையாம்! ஒக்கிப் புயல் அடித்துப் போட்ட அந்த வாரம் ரப்பரும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஆழ்கடலுக்குப் போகிற ஊர்களில் ஆட்கள் திரும்பவில்லை. சென்னைக்கு ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் பெரிதாக இருந்தது. கடற்கரை ஜனங்கள் திரண்டு வந்து குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் பலருக்கும் உறைத்தது என்பது என் எண்ணம். இதையெல்லாம் விளக்கி நான் எழுதினால் இந்தப் பத்திரிகையில் நாலு பக்கம் பிடிக்கும். நீங்கள் இரண்டு பாட்டரியையும் ஆர்.கே.நகரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறீர்கள்.

அந்தப் பக்கம் மட்டும் எப்படி அப்படி வந்தது? பதில் உங்கள் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. என் பெரியப்பாவுக்கும் இதே கிறுக்கு உண்டு. கோட்டாறு வீட்டு மொட்டை மாடியில் இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் செம்புக் கம்பி கட்டி, சீன வானொலியின் தமிழ், வெரித்தாஸ், பிபிசி என்று உட்கார்ந்திருப்பார். ராத்திரி ஆனால் மத்திய அலையில் தூரத்து ஊர்கள் வரத் தொடங்கும். பகலில் வானத்தின் கீழடுக்கு அந்த அலையை விழுங்கிவிடும், சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோக, மேலடுக்கில் பட்டு அலை திரும்பி வரும் என்று விளக்குவார். இலங்கை பகலிலேயே கேட்குமே என்றால், நடுவில் கிடப்பது உப்புத் தண்ணீர், அது அலையை நன்றாகக் கடத்தும் என்பார். இது உங்கள் கேள்விக்குத் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்ததும்தான். பெரியப்பா நினைவு வந்தது, எழுதிவிட்டேன்.

தேவையானது அவர் நிலையங்களுக்கு அனுப்பிய அறிக்கை. தேதி, மணி, அலைவரிசை. சிக்னல் எவ்வளவு, பக்கத்து நிலையத்தின் குறுக்கீடு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, ஒலி ஏறி இறங்கியதா, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். 'நிகழ்ச்சி பிரமாதம்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அந்த நிலையத்துப் பொறியாளருக்கு என்ன பிரயோஜனம்? மழை பெய்த ஒரு ஐப்பசி ராத்திரியில், நாகர்கோவிலில் ஒரு மாடியில், இத்தனை மணிக்கு இப்படிக் கேட்டது என்பதற்காகத்தான் அவர் அட்டை அனுப்புகிறார். நீங்கள் இதில் தேர்ந்தவர். ஒக்கிப் பக்கத்தை எழுதிய கை அந்த அறிக்கை எழுதிய கை. அமெரிக்க வரியை எழுதியது வேறு யாரோ.

அரசியலையும் அந்தக் கையாலேயே எழுதுங்கள். 'மாலை ஐந்தரை, ஜங்ஷன் சாயக்கடை. சொன்னது மூன்று பேர், ஒருவர் கட்சிக்காரர். குறுக்கீடு பலம்.' வாட்ஸப்பில் வந்தது என்றால், அனுப்பியவர் யார், அவருக்கு எங்கிருந்து வந்தது, இரைச்சலுக்கு ஐந்தில் எத்தனை. பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் தேறாது. உங்கள் அபிப்பிராயத்தை யாரும் தடுக்கவில்லை. அது கடைசி வரியில் வரட்டும்.

மார்த்தாண்டம் என்றால் உங்களுக்கு விளவங்கோடு தொகுதியாக இருக்கலாம். 2024 ஏப்ரல் 19 அன்று அங்கே மக்களவைக்கு ஒன்று, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு ஓட்டு. வரிசை எவ்வளவு நேரம் நின்றது, எந்தக் கிழவி ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று வெளியே வரப் பார்த்தாள், யார் வீட்டிலிருந்து மோர் வந்தது, இதெல்லாம் உங்கள் நோட்டில் இருக்கிறதா? 1967-ல் விருதுநகரில் தோற்ற காமராஜர், நேசமணி இறந்து காலியான நாகர்கோவில் தொகுதியில் 1969-ல் நின்று ஜெயித்தது புத்தகத்தில் கிடைக்கும். எங்கள் தெரு வழியாக அவருடைய கார் போனபோது முன்னால் நின்ற ஒருவர் குடையை விரித்துவிட்டதால், என் அம்மா பார்த்தது வெளியே நீட்டிய ஒரு கையை மட்டும். சாகும்வரை அந்தக் குடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அது என்னிடம்தான் கிடைக்கும்.

நடத்துநர் பையில் எவ்வளவு சரக்கு இருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படுகிற நாளில் உங்கள் வண்டி எத்தனை மணி நேரம் ஊர்ந்திருக்கும்? பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த பொது அறிவு. அன்று உங்கள் வண்டியில் இருந்த யாருக்கு நேர்முகத் தேர்வு தவறிப்போனது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தது.

புத்தகம் பற்றி இரண்டு வரி போதும். பணம் கேட்டவருக்குக் கொடுக்காதீர்கள். அதில் கொஞ்சத்தை எடுத்து ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி நோட்டுகளை வையுங்கள். இரண்டு மழைக்காலமும் நனைக்கிற மாவட்டம் இது, கரையானுக்கும் குறைவில்லை.

இனி மச்சினன். என்ன போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலிருந்தே கொஞ்சம் புரிகிறது. குடும்பக் குழுவில் அரசியலை இன்றோடு விடுங்கள். நம் பக்கத்தில் ஒரே வீட்டில் மூன்று கட்சி இருப்பது புதிதல்ல, ஆனால் அது முகம் பார்த்துப் பேசிய காலத்துச் சண்டை. சாயக்கடையில் எதிராளியின் முகம் சுருங்கினால் பேச்சை மழைக்கு மாற்றிவிடலாம். குழுவில் போட்டது அப்படியே கிடக்கும். அவர் விடியற்காலையில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, யாருமில்லாத ரப்பர் தோட்டத்தில் நின்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்திருப்பார்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். 'யாரு இதை வாசிக்கப் போறா' என்று உங்கள் மனைவி கேட்டதை நீங்கள் எழுத்தைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தேர்தல் முடிந்து இத்தனை காலமாகத் தம்பி வாசல்படி ஏறாத ஒரு அக்கா கேட்கிற கேள்வி அது. கடிதத்தில் பதினேழு நோட்டுக்கு இருக்கிற இடம் அவர்களுக்கு இல்லை.

மழை பிடித்து பால்வெட்டு நின்ற ஒரு நாளாகப் பார்த்து இரண்டு பேருமாக அருமனைக்கு பஸ் ஏறுங்கள். முன்கூட்டிப் போன் வேண்டாம், ஏதாவது சாக்குச் சொல்ல அவருக்கு நேரம் கிடைத்துவிடும். வாழைக்குலை அவர் வீட்டிலேயே தொங்கும். முந்திரிக்கொத்து செய்து எடுத்துப் போங்கள். அக்கா கைப்பக்குவம் இருக்க வேண்டும், பயறு வறுத்துத் திரிக்கிற வேலை உங்களுடையதாக இருக்கட்டும். போனதும் பழைய கதையைக் கிளற வேண்டாம். அவராக எடுத்தால், 'நான் அப்படிப் போட்டிருக்கக் கூடாது' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஆனால்' என்று தொடங்கினீர்களோ, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். அன்று ராத்திரி நோட்டில் தேதி, மணி, மழை எப்படி, அவர் என்ன கொடுத்தார், கட்டஞ்சாயையா பால் சாயையா என்று மறக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், எனக்கு ஒரு உதவி. 2017 டிசம்பர் 3 அன்று எழுதிய பக்கத்தையும் அதற்கு அடுத்த நாள்களையும் நகல் எடுத்து அனுப்புங்கள். கடலுக்குப் போன அந்த மனிதர் வந்து சேர்ந்தாரா என்று நீங்கள் அனுப்பிய மூன்று பக்கத்திலும் இல்லை.