மாதிரி விமானத்தின் இறக்கைக்குள் எந்த ஃபோமை வைப்பது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வசிக்கிறேன். பொறியியல் படிக்கும் என் மகளும் தோழிகளும் கல்லூரிப் போட்டிக்காக ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் ஒன்று செய்கிறார்கள். இறக்கை முனைக்கு முனை ஒன்றரை மீட்டர். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 20 செ.மீ. தெர்மோகோலில் வெட்டிய ஒரு பாதியின்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசின் பூசினார்கள். சிறிது நேரத்தில் உள்ளே குழி விழுந்து பாழாகிவிட்டது. ‘ஏரோஸ்பேஸ் கிரேடு’ ஃபோம் வாங்கினால் இப்படி ஆகாது என்கிறார் பொருள் விற்றவர். அதன் விலை இதுவரை ஆன மொத்தச் செலவைவிட அதிகம். வாங்கலாமா? கெட்ட இறக்கையைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: வாங்க வேண்டாம். இறக்கையைக் கெடுத்தது ஃபோம் அல்ல, ரெசின். கண்ணாடி இழைப் பொருள் விற்கும் கடையில் வெறுமனே ‘ரெசின்’ என்று கேட்டால், தண்ணீர்த் தொட்டிக்கும் நாற்காலிக்கும் போகிற பாலியஸ்டர் ரெசினைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் கலந்துள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது எபாக்சி ரெசின்; அது ஃபோமைக் கரைக்காது. பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் ஊற்றிக் கொடுத்தால் அடையாளம் காண ஒரு வழி உண்டு: ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரைச் சொட்டுக் கணக்கில் விடச் சொன்னால் அது பாலியஸ்டர், நூறு கிராமுக்கு இத்தனை கிராம் என்று எடை விகிதம் சொன்னால் பெரும்பாலும் எபாக்சி. ஃபெவிக்விக் வகைப் பசை, தின்னர், பெட்ரோல், சாதாரண ஸ்பிரே பெயிண்ட் ஆகியவையும் தெர்மோகோலைத் தின்பவையே.

விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அவர் காட்டுவது உண்மையிலேயே பி.எம்.ஐ. என்ற வகை ஃபோமாக இருந்தால் அது ஸ்டைரீனுக்குக் கரையாது. ஆனால் அந்த ஃபோமுக்கு அவ்வளவு விலை கொடுப்பது, 120 டிகிரிக்கு மேல் அடுப்பில் வேகவைக்கும் கார்பன் பாகங்களுக்காக. உங்கள் மகள் அறை வெப்பத்தில் காயவைக்கப் போகிறார். 1975இல் பறந்த, அமெரிக்கர் பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரிஈஸ் விமானத்தில் மனிதர்களே ஏறிப் பறந்தார்கள். அதன் இறக்கைக்குள் இருந்ததும் சூடான கம்பியால் வெட்டிய, தெர்மோகோலின் இனமான பாலிஸ்டைரீன் ஃபோம்தான், மேலே கண்ணாடி இழையும் எபாக்சியும். அதற்கே போதுமானது உங்கள் போட்டி விமானத்துக்குப் போதாதா?

அட்டைப் பெட்டியின் ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் இரண்டு தாள்களுக்கு நடுவே அலையலையாக ஒரு தாள் தெரியும். நடுவில் இருப்பதற்குத் தனியாகப் பெரிய வலிமை இல்லை; இரு தாள்களையும் விலக்கி நிறுத்தி, ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. இறக்கைக்குள் ஃபோமின் வேலையும் அதுவே; தாள்களின் இடத்தில் இருப்பது ரெசின் பூசிய துணி, அதாவது இறக்கையின் தோல். இறக்கை மேல்நோக்கி வளையும்போது மேல்தோல் அமுங்குகிறது, கீழ்த்தோல் இழுபடுகிறது. சுமை தோலில்தான் ஓடுகிறது. ஆகவே பணத்தையும் கவனத்தையும் தோலிலும் ஒட்டிலும் போட வேண்டும். இறக்கையின் நீளவாட்டில் ஒரு கார்பன் குழாயையோ பைன் மரச் சட்டத்தையோ பதிக்க மறக்க வேண்டாம்.

எடைக் கணக்கு இன்னும் தெளிவானது. நீங்கள் சொன்ன அளவுள்ள இறக்கைக்குள் ஏறத்தாழ 5 லிட்டர் ஃபோம் அடங்கும். கனமீட்டருக்கு 16 கிலோ அடர்த்தியுள்ள தெர்மோகோல் என்றால் 80 கிராம். மொட்டைமாடியில் வெயில் தாக்காமலிருக்கப் பதிக்கிறார்களே, எக்ஸ்.பி.எஸ். என்ற அந்தப் பாலிஸ்டைரீன் பலகையில் 32 கிலோ அடர்த்தியுள்ளது என்றால் 160 கிராம். விலையுயர்ந்த பி.எம்.ஐ. ஃபோமில் பரவலாகக் கிடைக்கும் லேசான ரகமும் அதே 32 கிலோவை ஒட்டியதுதான், அதாவது அதே 160 கிராம். தோலுக்குச் சதுரமீட்டருக்கு 80 கிராம் துணி ஒரு சுற்றுப் போட்டால், இருபுறமும் சேர்த்து 48 கிராம். கைதேர்ந்தவர் அதே அளவு ரெசினில் முடிப்பார், புதியவர் கையில் ரெசின் மட்டுமே 100 கிராமைத் தாண்டிவிடும். பூசிய பிறகு துணியின்மேல் டிஷ்யூ தாள் சுருளை உருட்டி, மிகுந்த ரெசினை ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் மிச்சப்படுத்தும் எடையை எந்த ஏரோஸ்பேஸ் கிரேடும் மிச்சப்படுத்தாது.

என் யோசனை எக்ஸ்.பி.எஸ். அதன் மேற்பரப்பு மூடிய அறைகளால் ஆனது. தெர்மோகோலின் மணிகளுக்கு நடுவே ரெசின் இறங்குவதுபோல இதில் இறங்காது.

வாங்கும்போது நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நீலமோ இளஞ்சிவப்போ தயாரிப்பாளரின் அடையாளம், தரத்தின் அடையாளமல்ல. நீலப் பலகையைக் காட்டி ‘விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்த மிச்சம்’ என்று சொல்லி நான்கு மடங்கு விலை கேட்ட ஒருவரை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்; அவர் காட்டிய சான்றிதழ் நகலில் அடர்த்தி எழுதும் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பத்து செ.மீ. நீளம், அகலம், உயரமுள்ள ஒரு துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் வையுங்கள். அது ஒரு லிட்டர் கன அளவு. தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை கிலோதான் கனமீட்டருக்கு அடர்த்தி. பலகை ஐந்து செ.மீ. தடிமன் என்றால் வந்த எண்ணை இரட்டியுங்கள். வெட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

இணையத்தில் தருவிப்பது இன்னொரு பொறி. கூரியர் நிறுவனங்கள் எடையையும் கன அளவையும் ஒப்பிட்டு அதிகமானதற்கே கட்டணம் போடுகின்றன; நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 120 × 60 × 5 செ.மீ. பலகை 1.2 கிலோகூட இல்லை; கட்டணமோ 7.2 கிலோவுக்கு. மாடித் தளத்துக்கு வெப்பத் தடுப்பு போடும் ஒப்பந்ததாரரிடம் வெட்டுத்துண்டு கேட்டால் வேலை முடிந்தது. ஆனால் நம் கல்லூரிகளில் முடியாது. மூன்று கொட்டேஷனும் ஜி.எஸ்.டி. பில்லும் இல்லாத பொருளுக்குப் பணம் தர மாட்டார்கள். இருநூறு ரூபாய் வெட்டுத்துண்டுக்கு மூன்று கொட்டேஷன் எங்கிருந்து வரும்? பில் வேண்டுமே என்பதற்காகப் பிள்ளைகள் இடைத்தரகரிடம் போகிறார்கள், அவர் பில்லோடு சேர்த்து ஏரோஸ்பேஸ் கிரேடையும் விற்கிறார்.

குளிர்பதன அறைகளில் வைக்கும் மஞ்சள் நிறப் பி.யு.எஃப். (பாலியூரிதேன் ஃபோம்) துண்டு இலவசமாகக் கிடைத்தாலும் அதைச் சூடான கம்பியால் வெட்டக் கூடாது. நச்சுப் புகை வரும். பி.வி.சி. ஃபோமுக்கும் இதே விதி. பாலிஸ்டைரீனையும் ஜன்னலைத் திறந்துவைத்தே வெட்ட வேண்டும்.

எபாக்சி ஃபோமைக் கரைக்காது என்றேன். அதில் ஒரு விலக்கு உண்டு. அதை அழுத்திச் சொல்லக் காரணம், பலரும் அதில்தான் விழுகிறார்கள். எபாக்சி இறுகும்போது சூடாகும். மெல்லிய படலமாகப் பரப்பினால் சூடு காற்றோடு போய்விடும். கப்பில் மொத்தமாக வைத்திருந்தால் கையில் பிடிக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். சக்கரக் கம்பியைப் பொருத்த ஃபோமில் குழி தோண்டி, அது நிறைய எபாக்சியை ஊற்றினால், சுற்றிலும் இருப்பது வெப்பத்தை வெளியே விடாத பொருள் என்பதால் சூடு அங்கேயே தேங்குகிறது. 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும் பாலிஸ்டைரீன் பின்வாங்குகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மாணவர் கொண்டுவந்த இறக்கையை விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். நடுப்பகுதியில் ஓசை மாறி வெறும் பானையைப்போல் ஒலித்தது. அறுத்துப் பார்த்தால், எபாக்சிக் கட்டியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம். ஆகவே குழியில் ஊற்றாதீர்கள். குழிக்குச் சரியாகப் பொருந்தும் பிளைவுட் கட்டையைச் செதுக்கி, மெல்லிய எபாக்சிப் பூச்சால் ஒட்டி, அதில் திருகாணியை இறக்குங்கள்.

கெட்ட பாதியைக் காப்பாற்ற முயல வேண்டாம். குழியை நிரப்பும் பொருளின் எடை அந்தப் பக்கத்தைத் தாழ்த்திவிடும். இறக்கையை வெட்டியெடுத்தபின் மேலும் கீழும் மிஞ்சிய தெர்மோகோல் ஓடுகளை எறிந்துவிடாதீர்கள்: புதிய பாதியைத் துணியோடு அவற்றின் நடுவே படுக்கவைத்து, மேலே புத்தகக் கட்டை ஏற்றினால் அச்சு வேலையை அவை செய்யும். இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கட்டும். ரெசின் படாத மறுபாதி நல்லதுதான், ஆனால் இரு பாதியும் ஒரே ஃபோமாக இருக்க வேண்டும் என்பதால் அதை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; புதிதாக வாங்கிய எபாக்சியை அதன்மேல் ஒரு நாணய அளவு பூசி, மறுநாள் காலை பள்ளம் விழவில்லை என்று கண்ட பிறகே எக்ஸ்.பி.எஸ். பலகையில் கம்பியை வைக்கச் சொல்லுங்கள்.