ஆன்லைன் எம்.பி.ஏ.: ஓ.டி.பி. சொல்வதற்கு முன்னால்

கேள்வி: திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஏழு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். படித்தது பி.காம். மேனேஜர் ஆக எம்.பி.ஏ. கேட்கிறார்கள். வேலையை விட முடியாது. ஆன்லைனில் படிக்கலாம் என்று ஒரு செயலியில் நம்பரைப் பதிந்தேன். அன்றிலிருந்து தினமும் போன் வருகிறது. "1,60,000 ரூபாய் கோர்ஸ், ஸ்காலர்ஷிப் போக 1,32,000. இன்று ராத்திரி வரைதான் இந்த விலை. வட்டியில்லா இ.எம்.ஐ., மாதம் 5,500. ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள்" என்கிறார் கவுன்சலர். சேரலாமா?

பதில்: எம்.பி.ஏ. சேருங்கள், ஆனால் அந்த ஓ.டி.பி.யை இன்றைக்குச் சொல்லாதீர்கள். உங்களிடம் பேசுகிறவரைக் கவுன்சலர் என்று அழைத்தாலும், அவர் செய்வது விற்பனை வேலை. ராத்திரிக்குள் முடிவெடுக்கச் சொல்லும் படிப்பு எதையும் ராத்திரிக்குள் எடுக்காமல் இருப்பதே நல்லது.

முதலில், பட்டத்தைத் தரப்போவது யார் என்று கேளுங்கள். செயலி கம்பெனி பட்டம் தர முடியாது. பல்கலைக்கழகம்தான் தர முடியும். ஆன்லைன் பட்டப்படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2020 ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. அதன்படி படிப்பை வேறொரு கம்பெனிக்கு ஃப்ரான்சைஸ் முறையில் கொடுக்கக் கூடாது. 2022-இல் யு.ஜி.சி.யும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் இதைச் சொல்லி எச்சரிக்கையும் வெளியிட்டன. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை வாங்கிக்கொண்டு, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் இணையதளத்தில் தேடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எம்.பி.ஏ. என்ற படிப்பு, ஆன்லைன் என்ற முறை, நீங்கள் சேரும் கல்வியாண்டு எல்லாமே அங்கே இருக்க வேண்டும். தொலைநிலை முறைக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தால் அது ஆன்லைனுக்குச் செல்லாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. 2024 முதல் இப்படிச் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் டெப்-ஐ.டி. என்ற அடையாள எண்ணை எடுக்க வேண்டும். டிஜிலாக்கர் வழியாகக் கிடைக்கும் ஏ.பி.சி. ஐ.டி.யை (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்) வைத்து, டெப் தளத்தில் நீங்களே எடுக்கலாம். கவுன்சலரிடம் "டெப்-ஐ.டி. எப்போது தரணும்?" என்று கேட்டுப் பாருங்கள். "இந்தக் கோர்ஸுக்கு அது தேவையில்லை சார்" என்று பதில் வந்தால், அவர் விற்பது பட்டம் இல்லை, சான்றிதழ். 'எக்ஸிகியூட்டிவ் புரோகிராம்', 'மினி எம்.பி.ஏ.' என்று என்ன பெயர் வைத்தாலும் அது எம்.பி.ஏ. ஆகாது. கற்றுக்கொள்ள அது உதவலாம், ஆனால் உங்கள் கம்பெனி கேட்பது அதை அல்ல.

அப்புறம் அந்த 5,500. வட்டியில்லா இ.எம்.ஐ. என்றால் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் 1,32,000 ரூபாய்க் கடன் போட்டு, பணத்தை மொத்தமாக விற்றவருக்குக் கொடுத்துவிடுகிறது என்று அர்த்தம். ஓ.டி.பி. சொல்வது அந்தக் கடனுக்குச் சம்மதம் சொல்வதாக ஆகிவிடலாம். மூன்றாவது மாதம் படிப்பை விட்டாலும் கடன் உங்கள் தலையில்தான். கடன் என்றால் முதலில் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்று தர வேண்டும். அதில் கடன் தருபவரின் பெயர், வருடாந்திர வட்டி வீதம், எத்தனை நாளுக்குள் அபராதமில்லாமல் விலகலாம் என்பதெல்லாம் இருக்கும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் படியுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்திற்குப் போய் அதே படிப்புக்கு என்ன கட்டணம், செமஸ்டர் வாரியாகக் கட்டலாமா என்று பாருங்கள். செமஸ்டருக்குச் செமஸ்டர் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே கட்டுங்கள் என்பதுதான் என் யோசனை. பாதியில் நிற்க நேர்ந்தால் கட்டாத செமஸ்டர்களின் பணமாவது மிஞ்சும்.

பணத்தைவிட எனக்குக் கவலை உங்கள் நேரத்தைப் பற்றித்தான். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் கணக்கில் ஒரு கிரெடிட்டுக்கு (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு) 30 மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி. அரையாண்டில் ஐந்து தாள் என்றாலே 600 மணி, அதாவது வாரத்துக்கு 23 மணி. ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி பத்து மணிக்கும் பையரின் மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த வாரங்களில் எங்கிருந்து 23 மணி வரும்? இக்னோவில் இரண்டு வருட எம்.பி.ஏ.வை நான்கு வருடம் வரை இழுத்து முடிக்கலாம். நீங்கள் சேரும் இடத்திலும் இந்தக் காலக்கெடு எவ்வளவு, விட்ட தேர்வை எப்போது எழுதலாம், நேரில் போக வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: கோவையில் வேலை பார்க்கும் என் மகள் இப்படித்தான் ஒரு கம்பெனியில் கடன் போட்டுச் சேர்ந்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் அது பட்டமில்லை, வெறும் சர்டிஃபிகேட் என்று தெரிந்தது. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். மாதத் தவணையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. நிறுத்தினால் மகளின் சிபில் கணக்கில்தான் கறை விழும், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அது தெரியவரும். விற்ற கம்பெனிக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக எழுதுங்கள்: பட்டம் என்று சொல்லி விற்றது, விலக விரும்புவது, பணம் திரும்ப வேண்டும் என்பது. அதற்கு முன்பே, "எம்.பி.ஏ.வுக்குச் சமம்" என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் விளம்பரத்தையும் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுங்கள். 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' என்று அழித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

கடன் கொடுத்தவர் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. விற்ற கம்பெனி மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மகள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பல்கலைக்கழகங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. ஆனால் பயிற்சி நிறுவனங்கள் அந்த விலக்கில் வராது என்று 2020-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது. பட்டம் தராமல் சர்டிஃபிகேட் விற்ற தனியார் கம்பெனிக்கு எதிராக இதை வைத்து வாதாட இடம் இருக்கிறது.

கேள்வி: ஆன்லைன் பட்டம் காலேஜுக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமமா?

பதில்: அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் என்றால் சமம்தான், 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. தனியார் கம்பெனி ஏற்குமா என்பது அவர்கள் விருப்பம். சேருவதற்கு முன் உங்கள் எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழக அரசு வேலையை நினைத்துப் படிக்கிறவர்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்கு அங்கே சிக்கல் வருகிறது.