இலங்கையில் எல்ல என்ற மலை ஊருக்குப் போகும் ரயிலும் ஊட்டி ரயில் மாதிரி குறுகிய பாதையில் ஓடுவதுதானா?

இல்லை. எல்லவுக்குப் போகும் கோச்சி (ரயிலை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) அகலப் பாதையில் ஓடுகிறது. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர். சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு ஓடும் ரயிலுக்கும் அதே அளவுதான். உங்கள் ஊட்டி ரயில் 1,000 மில்லிமீட்டர், அதாவது மீட்டர் கேஜ்.

நீங்கள் கேட்டதற்கு இது போதும். நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து எல்ல போட்டோக்களைப் பார்த்துவிட்டு லீவுக்கு வர யோசிப்பவர் என்று நினைக்கிறேன், தாராளமாக வாருங்கள். ஆனால் இதே கேள்விக்கு முன்பு பதில் எழுதிய ஒருவர், "இலங்கை மலைநாட்டில் குறுகிய பாதை ரயில் இருந்ததே இல்லை" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. அப்படி ஒரு ரயில் இருந்தது, அதில் தேயிலைப் பெட்டி ஏற்றியவர் என் தாத்தா.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் ஒரு சின்னக் கோச்சி ஓடியது. உடப்புசல்லாவைப் பாதை என்று பெயர். பாதையின் அகலம் இரண்டரை அடி, 762 மில்லிமீட்டர். பெரிய பாதை, அதாவது இன்று எல்லவுக்குப் போகும் அகலப் பாதை, 1885இல் நானுஓயா வரை வந்து சேர்ந்தது. அதிலிருந்து இந்தக் கிளையைப் பிரித்து 1904 வாக்கில் இராகலை வரை கொண்டு போனார்கள். மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். இன்றைக்குப் பெரிய பாதையில் உயரமான ஸ்டேஷன் என்று பட்டிப்பொளையில் எல்லோரும் இறங்கிப் போட்டோ எடுக்கிறார்கள். கந்தப்பளை ஸ்டேஷன் அதையும்விட உயரத்தில், ஏறக்குறைய 6,300 அடியில் இருந்தது.

ஏன் குறுகிய பாதை என்றால், அகலப் பாதையை மலையில் கொண்டுபோக வளைவைப் பெரிதாக எடுக்க வேண்டும். அதற்கு மலையை வெட்ட வேண்டும், சுரங்கம் குடைய வேண்டும், எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். இரண்டரை அடிப் பாதையென்றால் மலை எப்படி வளைகிறதோ அப்படியே கூடவே வளைத்துக்கொண்டு போகலாம். தோட்டத் துரைமாருக்கு வேண்டியது வேகம் இல்லை. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்க வேண்டும், அரிசியும் உரமும் தோட்டத்துக்கு ஏற வேண்டும், அவ்வளவுதான். நானுஓயாவில் சின்ன வேகனிலிருந்து பெரிய வேகனுக்கு ஒவ்வொரு பெட்டியையும் ஆள் தூக்கி மாற்ற வேண்டும். இரண்டு அளவுப் பாதை சந்திக்கும் இடத்தில் இது தப்பாது. அந்தச் செலவு கணக்கில் பெரிதாகத் தெரிந்திருக்காது, ஏனென்றால் தூக்கியது எங்கள் ஆட்கள்.

தாத்தாவுக்கு வேலை கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில். ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, மாட்டு வண்டியில் பெட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து ஏற்றுகிற கூட்டத்தில் அவரும் ஒருவர். மழைக்காலத்தில் சில்லு (சக்கரம்) வழுக்கி இஞ்சின் நின்ற இடத்திலேயே சுழலுமாம். தண்டவாளத்தின் மேல் மணல் போட்டால்தான் பிடிக்கும். மணல் தீர்ந்துபோனால் இவர்கள் இறங்கி பாதையோரத்து மண்ணை அள்ளிப் போடுவார்களாம். இதைச் சொல்லும்போது தாத்தா எப்போதும் கையை விரித்துக் காட்டுவார், விரலிடுக்கில் மண் விழுவது மாதிரி. "நாங்க இல்லாட்டி அது ஏறாதுடா" என்பார். மிகைப்படுத்தியிருக்கலாம் என்று சிலர் எழுதக்கூடும். எழுதட்டும், நான் நம்புகிறேன்.

பிறகு ரோட்டில் லொறி வந்தது, பஸ் வந்தது. தோட்டத்து வாசலிலேயே ஏற்றி நேரே கொழும்பில் இறக்கும் லொறியோடு, நானுஓயாவில் மாற்றி ஏற்ற வேண்டிய கோச்சி எப்படிப் போட்டி போடும்? 1940களில் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஒரு துண்டு மட்டும் நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் மிஞ்சியிருந்தது. முள்ளுமுருங்கை மரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் பள்ளிக்கூட மணி. முழங்கை நீளம் இருக்கும். அடிப்பாகம் என் சின்னக் கைக்குள்ளேயே பிடிபடும். நடுவில் அடித்து அடித்து ஒரு இடம் மட்டும் பளபளவென்று வெள்ளையாக இருக்கும், மற்றதெல்லாம் துரு. பின்னாளில் நானுஓயாவில் பெரிய தண்டவாளத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் எங்கள் மணி எவ்வளவு மெலிசு என்று தெரிந்தது.

நான் வெள்ளைக்காரன் காலத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து லயக் காம்பராவில், தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய சின்ன அறையில், பிறந்த குடும்பம் எங்களுடையது, யாரும் எனக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊட்டி ரயிலைக் குறைத்தும் சொல்லவில்லை. மலைநாட்டுத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் வந்த பிறகு சின்னத் தாத்தா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்திலேயே போய் நின்றது. அவர்களைப் பார்க்கப் போனபோது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அந்த ரயிலில் போனேன். நடுவில் பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது, 1899இலிருந்து ஓடுகிறது. யுனெஸ்கோ 2005இல் அதைப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது, தகுதியானதுதான். பெட்டிக்குள் உட்கார்ந்தபோது எனக்கு வந்த வயிற்றெரிச்சல் வேறு. அங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், இங்கே ஒரு பெயர்ப்பலகை நட்டு வைக்கக்கூட ஆள் இல்லை.

இராகலைப் பக்கம் போய்ப் பார்க்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். எந்தத் தோட்டம், முகவரி என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். லயத்தில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். யார் கையில் எப்போது கொடுப்பார்கள் என்பது அங்கே இருப்பவரின் மனசைப் பொறுத்தது. என் அண்ணன் மகனுக்கு வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் கையில் கிடைத்தபோது பரீட்சை நாள் முடிந்துபோயிருந்தது. பையன் இப்போது கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், தெரியும். மலைநாட்டை அழகு அழகு என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு தடவை படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சரி, வழி சொல்கிறேன். கொழும்பு கோட்டையில் பதுளைக் கோச்சி ஏறி நானுஓயாவில் இறங்குங்கள். அங்கிருந்து நுவரெலியாவுக்கு பஸ், பிறகு கந்தப்பளை, இராகலை பஸ். வலப்பக்கம் இடப்பக்கம் பார்த்துக்கொண்டே போங்கள். தேயிலைக்கு நடுவே ஏற்றம் இறக்கம் இல்லாமல் மலையைச் சுற்றி மட்டமாக ஒரு பாதை போனால் அது பழைய தண்டவாளப் பாதையாக இருக்க வாய்ப்பு உண்டு. கொழுந்து பறிக்கும் வயதான அம்மாமாரிடம் கேட்டால் காட்டுவார்கள்.

மலைக்குப் போக நேரமில்லை என்றால் கொழும்பிலேயே ஒன்று இருக்கிறது. மருதானையிலிருந்து நுகேகொடை, மஹரகம வழியாக அவிசாவளை போகும் களனிவெளிப் பாதை. அதுவும் இதே இரண்டரை அடிப் பாதையாகத்தான் 1902இல் அவிசாவளைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் போனது. அவிசாவளைக்கு அப்பால் இருந்ததை 1970களில் மூடினார்கள். இந்தப் பக்கத்தை 1990களில் அகலமாக்கினார்கள், ஆனால் பெரும்பாலும் பழைய தடத்திலேயே போட்டதால் வளைவுகள் அப்படியே நின்றுவிட்டன. நாரஹேன்பிட்டைக்கு அப்பால் அகலப் பாதைப் பெட்டி சின்னக் கோச்சியின் வளைவில் கிறீச்சிட்டுக்கொண்டு திரும்பும். வேகமாகப் போக முடியாது. காலையில் ஆபீஸ் போகிறவர்கள் அதைத் திட்டுவார்கள். நீங்கள் பகல் நேரத்தில் ஏறுங்கள், வாசல் பக்கம் இடம் கிடைக்கும்.